ஜெபமலருக்குப் பக்கத்தில்

இலஞ்சியில் ஜாக்கெட் தைக்கும் உலகம்மாளுக்குச் சர்க்கரை நோயால் கிடைத்த ஒரே நன்மை ஜெபமலரின் சிநேகம். நடந்தே தீரவேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து இரண்டு பேரும் விடியுமுன் கிளம்பிக் குற்றாலம் வரை நடப்பார்கள். மெயின் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு ஈரக் கூந்தலோடு திரும்புவார்கள். அருவி என்றாலே ஜெபமலருக்கு உதறல். உலகம்மாளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீருக்குள் நிற்பாள்.

ஆனி மாதம் சாரல் விழுந்து குற்றால சீசன் தொடங்கியது. சாரல் விழுந்துவிட்டால் இலஞ்சிக்காரர்கள் வீடு வீடில்லை, லாட்ஜ். உலகம்மாளின் நாத்தனார் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினாள். அவர்கள் போனதும் கொழுந்தனாரின் மாமியார் வீட்டார். அடுப்பு அணையவில்லை, நடை நின்றுபோனது. ஜெபமலர் தினமும் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருநாள் தோசைக் கரண்டியும் கையுமாக உலகம்மாள் சிடுசிடுத்தாள்.

"தெனமும் வந்து கூப்பிடாதட்டி. விருந்தாளுக போவட்டும், நானே வருதேன்."

விருந்தாளிகள் ஒருவழியாகப் போனார்கள். உலகம்மாள்தான் நடக்கப் போகவில்லை. காரணம், பின்தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த சங்கரேஸ்வரி. வயதில் இளையவள், காலில் வாக்கிங் ஷூ வேறு. அவளும் ஜெபமலரும் சிரித்துக்கொண்டே வாசலைத் தாண்டிப் போகும்போது உலகம்மாளுக்கு வயிறு எரிந்தது. அப்படி என்ன சிரிப்பு? நம்மோடு வந்தபோது முட்டுவலியைத் தவிர வேறு எதைப் பேசினாள் இவள்? சங்கரேஸ்வரி தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட் துணியை எடுத்து அடுக்கின் அடியில் செருகினாள். அது மேலே வரும்போதெல்லாம் மறுபடி செருகினாள்.

சர்க்கரை ஏறியது. டாக்டர் திட்டியபோது தையல் வேலை குவிந்து கிடக்கிறது என்று சாக்குச் சொன்னாள். உண்மையில், இப்போது போனால் அந்த இரண்டு பேருக்கும் பின்னால் மூன்றாவது ஆளாக நடக்கவேண்டிவரும். அதற்குச் சர்க்கரையே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஆனாலும் அவர்கள் கைகோத்து அருவியில் நிற்பதை ஒருதடவை கண்ணால் பார்க்காமல் மனசு ஆறவில்லை. நடக்கவேண்டிய பொம்பளை ஒரு விடியலில் ஆட்டோ பிடித்துப் போய், உடைமாற்றும் அறைச் சுவரோரம் முக்காடு போட்டு நின்றாள்.

இருவரும் வந்தார்கள். சங்கரேஸ்வரி நேராக அருவிக்குள் போய்விட்டாள். ஜெபமலர் கம்பிக்கு வெளியிலேயே நின்று, ஓரத்தில் ஓடுகிற தண்ணீரைச் சோப்பு டப்பாவில் கோரித் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

உலகம்மாளுக்கு முக்காடு மறந்துபோனது.

"ஏட்டி, என்ன இங்கன நிக்கே?"

ஜெபமலர் திடுக்கிட்டுத் திரும்பினாள். "பயமா இருக்குட்டி. அந்தப் பிள்ளை கையப் பிடிச்சுப் பாத்தேன், நம்பிக்கை வரல. நீ வர்ற வரைக்கும் இந்த டப்பாதான்."

"அப்பம் ஏன் என்னயக் கூப்பிடல?"

"நீதான கூப்பிடாதன்ன? நானே வருதேன்ன?"

உலகம்மாள் டப்பாவைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஜெபமலரின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துப்போனாள். அந்தப் பிடியில் ஜெபமலரின் வளையல் நெளிந்தது. வலித்தது, விடச் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் உலகம்மாள் ஜெபமலர் வீட்டு வாசலில் முதல் ஆளாக நின்றாள். சங்கரேஸ்வரியும் வந்து சேர்ந்துகொண்டாள். உலகம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஜாக்கெட் நாளைக்கே தயாராகிவிடும் என்றுகூடச் சொன்னாள். ஆனால் மூன்று பேரும் கிளம்பியபோது, இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள்.