செலியமேட்டில் ஓடிய கப்பல்

செலியமேட்டுச் சிவப்பிரகாசம் கடலில் கணுக்கால் நனைத்தவரில்லை. ஆனாலும் 1934இல், உடைத்து விற்ற பழைய கப்பல் ஒன்றின் கட்டளை மணியைப் புதுச்சேரி ஏலத்தில் எடுத்து வந்து, தன் வீட்டு மாடியில் நட்டுக்கொண்டார். மார்பளவு உயரப் பித்தளைத் தூண், அதன் தலையில் வட்ட முகப்பு, பக்கத்தில் கைப்பிடி. அதன் ஜோடி கீழே கரும்பாலைக் கொட்டகையில், நீராவி எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டையும் சங்கிலி இணைத்தது. மாடிக்குப் போகும்போது போட்டுக்கொள்ள ஒரு தொப்பி வேறு வாங்கியிருந்தார்.

எஞ்சினை ஓட்டிய பக்கிரிக்கு அந்தத் தொப்பியைக் கண்டாலே ஆகாது. கடலோரப் பனித்திட்டு ஊர்க்காரன், பதினோரு வருடம் பிரெஞ்சுக் கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் போட்டு, கட்டளை மணிக்குப் பதிலும் கொடுத்தவன். அங்கே மேல்தளத்தில் நிற்கும் கப்பித்தான் தொண்டை கிழியக் கத்தினாலும் கீழே கேட்காது. ஆகவே அவர் கைப்பிடியைத் தள்ளுவார். கீழே மணி அடிக்கும், முள் ‘முழு வேகம்’ என்றோ ‘நிறுத்து’ என்றோ காட்டும். கீழே இருப்பவன் தன் கைப்பிடியையும் அதே இடத்துக்குத் தள்ளினால் மேலே பதில் முள் திரும்பும். இங்கே சன்னலைத் திறந்து “டேய்” என்றால் போதும். இதற்கு ஒரு கப்பல் மணி!

பொறுத்துக்கொண்டான். கண் மங்கியதென்று கப்பல் அவனைக் கழித்துவிட்டது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எஞ்சின் கிடையாது. வீட்டில் ஆறு வயிறு.

தை மாதம் ஒரு பிரெஞ்சுக்கார விருந்தாளி வந்தார். சிவப்பிரகாசம் அவரை மாடியில் நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கைப்பிடியை ஆட்டி ஆட்டிக் காட்டினார். கீழே மணி அடித்தபடியே இருந்தது. அந்த நேரத்தில்தான் ஆலை உருளைக்குள் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்த கூலிக்காரி செங்கமலத்தின் கை அதில் சிக்கியது.

அவள் அலறியதும் பக்கிரி நீராவியை அடைத்தான். சாறு பிடிக்கும் பலராமனும் இன்னும் இருவரும் பெரிய சக்கரத்தைக் கையாலேயே பின்பக்கம் திருப்பத் தொடங்கினார்கள். மணி அடித்தது. முழு வேகம். மறுபடி அடித்தது. முழு வேகம்.

“கைப்பிடிய முழு வேகத்துல தள்ளி வச்சிட்டு சும்மா இரு பக்கிரி,” என்றான் பலராமன். “மேல இருக்கறவருக்கு இன்னா தெரியும்?”

தெரியாதுதான். மாடியிலிருந்து கொட்டகைக் கூரையைத் தாண்டி எதுவும் தெரியாது; அலறலும் மணிச் சத்தத்தில் கரைந்திருக்கும். அந்த ஒரு பொய்யில் தன் வேலை தப்பிவிடும். ஆனால் அந்த முள் பொய் சொல்லிப் பக்கிரி பார்த்ததில்லை. தொப்பிக்காரனுக்காக அதையும் கெடுக்க வேண்டுமா? பதினோரு வருடத்தில் மேலே கேட்டதைத் தவிர வேறு பதில் சொல்லாதவன், கைப்பிடியை ‘நிறுத்து’ என்ற இடத்துக்கு இழுத்து வைத்தான்.

மாடியில் விருந்தாளி முகப்பை வாசித்துவிட்டுச் சிரித்தார். “உங்கள் கப்பல் நின்றுவிட்டதே!”

சிவப்பிரகாசம் இறங்கி ஓடி வந்தார். “நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு பதில் சொல்றியாடா?”

“உள்ளதச் சொன்னேங்க.”

உருளையிலிருந்து மீட்ட ரத்தக் கையோடு தரையில் உட்கார்ந்திருந்தவளை அப்போதுதான் அவர் பார்த்தார். “இவளுக்காகவா அந்த வெள்ளைக்காரன் எதிர்ல என் மானத்த வாங்கின? கால்ல வுழுந்து எஞ்சின ஓட்டு. இல்ல, வூட்டுக்குப் போ.”

இந்த மூஞ்சிக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று பக்கிரிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அடுப்பு நெருப்பை வாரி வெளியே கொட்டினான். ஆளில்லாத எஞ்சினில் நெருப்பை விட்டுப் போவது அவனால் முடியாது. பிறகு துண்டைக் கிழித்துச் செங்கமலத்தின் கையைத் துடைத்தான்.

“உன் பொழப்பு போச்சே தம்பி,” என்று அவள் அழுதாள்.

“போவுது வுடுக்கா. வெரல எண்ணிப் பாரு.”

அவள் எண்ணினாள். ஐந்தும் இருந்தன. சுண்டுவிரலில் நகம் மட்டும் இல்லை.