வூட்டுக்கு வழி சொல்லுங்க

அறுவை அரங்கில் கை கழுவிக்கொண்டிருந்தபோது செவிலியர் வந்து சொன்னார்: மயக்க மருந்து டாக்டர் மாதையன் காலையில் மாரடைப்பில் போய்விட்டார். அழுகை உடனே வரவில்லை. இதிலும் எனக்கு முன்னால் போய்விட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. அவரை அறிந்த உங்களிடம் மறைப்பானேன்? கூட வேலை பார்த்த காலமெல்லாம் எனக்கு அவர்மேல் பொறாமை.

நோயாளியை ஒன்று, இரண்டு எண்ணச் சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை. மருந்தை நரம்பில் ஏற்றியபடியே, "உங்க வூட்டுக்கு வழி சொல்லுங்க, வரேன்" என்பார். பென்னாகரத்து அம்மா ஒருவர் பஸ் ஸ்டாண்டில் தொடங்கி, "மாரியம்மன் கோயில் தாண்டி" என்பதோடு நின்றுவிட்டார். பித்தப்பையை எடுத்துத் தைத்து முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. விழித்தவரிடம் மாதையன் குனிந்து, "கோயில் தாண்டி?" என்றார். "சோத்தாங்கைப் பக்கம் புளியமரமுங்க" என்ற அந்த அம்மா, ஆபரேஷனை எப்போது தொடங்குவீர்கள் என்று அவரையே கேட்டார். பிடித்திருந்ததும் அவர் கையைத்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. வெட்டித் தைப்பவள் நான், கும்பிடு மட்டும் உங்களுக்கா என்று கேட்டே விட்டேன். சிரித்தார்.

"நீங்க வெட்டுனது அவங்களுக்குத் தெரியக்கூடாதுங்க மேடம். தெரிஞ்சா நான் வேலை செய்யலைன்னு அர்த்தம்."

இன்னொரு நாள் ஒரு நோயாளியிடம், தூங்கி எழுந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று நான் சொல்ல, பிறகு தனியாகத் திருத்தினார். "தூக்கம்னா தட்டினா எழுந்துக்குவாங்க. இது வேறங்க. மூளையோட ஒவ்வொரு பகுதியும் ஒரு ஆளுன்னு வெச்சுக்குங்க, எல்லாரும் அவங்கவங்க வூட்லதான் இருக்காங்க. ஒருத்தர் போன் இன்னொருத்தருக்குப் போகாது. அதான் வலியும் தெரியல, நேரம் போனதும் தெரியல." எப்படி என்பது முழுதாக யாருக்கும் விளங்கவில்லை, தனக்கும்தான் என்றார். விளங்காத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு நிதானமாக ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பாரா? அதற்கும் பொறாமைப்பட்டேன்.

கடைசியாக முகம் பார்க்கப் புறப்பட்டு அவர் ஊரான அதியமான்கோட்டை வந்த பிறகுதான் உறைத்தது, அவர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பட்டன் போடாத சட்டைக்குள் அவர் வயிற்றில் ஒரு தழும்பு. என் தையல், எனக்குத் தெரியாதா?

"சொன்ன மாதிரியே என் வூடு தேடி வந்த மனுசனுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வழி சொன்னார்.

இப்போது புதிய மயக்க மருத்துவர் எண்ணச் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டு வீட்டுக்கு வழி கேட்கிறேன். விழித்ததும் மீதியைக் கேட்கிறேன். மாதையனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வியும், தீராத இந்தப் பொறாமையும். அவரிடம் மட்டும் வீட்டுக்கு வழியை நான் ஒருநாளும் கேட்கவில்லை.