தக்காளி சோஸும் வெட்டப்பட்ட ஏழு வரிகளும்

நிமலினி அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். பக்கத்தில் நிற்பவர் சற்றுக் குனிந்துதான் கேட்கவேண்டும். போன வருடம் பங்குனியில் தொடங்கி ஆறேழு மாதம் நாங்கள் எல்லோரும் அப்படிக் குனிந்து கேட்டோம்.

உரும்பிராயில் எங்கள் வீட்டுக்கு நான்காவது வீடு அவருடையது. ஐம்பத்துமூன்று வயது. ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளராக இருபத்தாறு வருடம் வேலை. கணவர் றொபின் கொடிகாமம் பாதையில் மினிபஸ் ஓட்டுகிறார். எங்கள் சபையில் அக்காவை எல்லோருக்கும் தெரியும். பாட்டாலோ பிரசங்கத்தாலோ அல்ல, கறித்தூளால்.

ஆய்வுகூடத்தில் பழகிய கை குசினியிலும் அப்படியே வேலை செய்யும். செத்தல் மிளகாய் வறுக்கும்போது ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் நெடி தொண்டையைப் பிடிக்காது என்று பலர் சொல்வார்கள். அக்கா உப்புப் போட்டும் போடாமலும் இரண்டு தாச்சியில் வறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவார். வெந்தயத்தை மல்லியோடு சேர்த்து வறுக்கவே விடமாட்டார். மல்லி வாசம் வருவதற்குள் வெந்தயம் கருகிக் கைத்துவிடும் என்பார். கறிவேப்பிலையை வெயிலில் போடாமல் நிழலில் காயவைப்பார். தூள் போத்தலுக்குள் ஈரக் கரண்டி விட்டவர்கள் அந்த வீட்டில் இரண்டாவது தரம் விட்டதில்லை.

சபையின் நூறாவது ஆண்டுக்கு மாதர் சங்கம் ஒரு புத்தகம் போடுவதாக முடிவெடுத்தது. வீட்டிலேயே செய்யக்கூடிய தூள், சோஸ், சட்னி, ஊறுகாய், அதோடு குசினிக்கு உதவும் சின்னச் சின்னக் குறிப்புகள். எழுதித் தருவதாகச் சொன்னவர்கள் பத்துப் பேர். எழுதியவர் நிமலினி அக்கா மட்டுமே. மற்றவர்கள் வாயால் சொன்னதை வாங்கி, ஒவ்வொன்றையும் தன் வீட்டில் செய்து பார்த்து, அளவு பிழைத்தால் திரும்பச் செய்து, இரண்டு வருடம் பாடசாலை விட்டு வந்த பிறகு அதே வேலையாக இருந்தார். றொபின் அண்ணை ஒரு மாதம் முழுக்கப் பாணும் புளிச் சட்னியும் சாப்பிட்டதாகச் சொல்லுவார்.

அதைத் தட்டச்சுச் செய்தவள் நான். என் பெயர் தயாளினி. சந்தியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பொறுப்பாசிரியர் றிச்சர்ட் சேர், ஓய்வுபெற்ற அதிபர், சபைச் செயலாளர். என்னையும் என் தம்பியையும் படிப்பித்தவர்.

அச்சகத்தில் அறுபத்துநாலு பக்கத்துக்குள் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். சேர் தன் முன்னுரையை நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொண்டுவந்தார். சபையின் வரலாறு, மிஷன் பாடசாலைகளின் சேவை, தமிழரின் விருந்தோம்பல், கடைசியில் தன்னுடைய படம். பிறகு என் கதிரைக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக வெட்டச் சொன்னார்.

“உந்தக் 'கவனம்' எண்டு வாற பந்தியளை எடும் பிள்ளை. சமைக்கிற பொம்பிளையளுக்கு உது தெரியாதே?”

“அக்காவிட்டை ஒருக்காக் கேப்பமே சேர்?”

“நான் சொல்லுறன். எடும்.”

பதினொரு இடத்தில் எடுத்தேன். தக்காளி சோஸ் இருந்த முப்பத்தோராம் பக்கத்தில் மட்டும் ஏழு வரி. போத்தலைக் கொதிதண்ணீரில் இருபது நிமிடம் அவித்து ஈரமில்லாமல் எடுப்பது, கடைசியில் வினாகிரி விடும் அளவு, சோஸைக் கொதிக்கக் கொதிக்க நிரப்புவது, மூடி உப்பினாலோ நுரை கண்டாலோ கையால் தொடாமல் தடித்த சாக்கைப் போட்டு மூடிவிடுவது எல்லாம் அதில்தான் இருந்தன. அவற்றின் இடத்தில் சேர் ஒரு வரி சொன்னார். “ஆறியபின் போத்தலில் அடைத்து இறுக மூடிப் பத்திரப்படுத்தவும்.” நல்ல தமிழ். நான் அடித்தேன்.

புத்தகம் வந்த அன்று அக்கா தன் பெயரைத் தேடியது எனக்குத் தெரியும். முன்னுரையின் கடைசிப் பக்கத்தில் “உதவிய சகோதரிகள்” என்று ஏழு பெயருக்கு நடுவில் இருந்தது. அன்றைக்கு உள்ளே புரட்டிப் பார்த்திருந்தால் பிழையைப் பிடித்திருப்பார். பெயரைப் பார்த்த கசப்பில் புத்தகத்தை மூடி அலுமாரியில் வைத்துவிட்டார். அதற்காகத் தன்னில் அவருக்கு வந்த கோபம் மற்ற எல்லாக் கோபத்தையும்விடப் பெரிது என்று பிறகுதான் விளங்கிற்று.

பங்குனியில் தக்காளி விலை விழுந்தது. தோட்டங்களில் பிடுங்காமலே விட்டார்கள். எங்கள் கடைக்குப் பின் ஒழுங்கையில் இருக்கும் கஜானி வீட்டிலும் இரண்டு கூடை கிடந்தது. அவளுக்கு முப்பது வயது, சட்டை தைப்பவள், ஒரு பெண் குழந்தை. சைவக் குடும்பம், எங்கள் சபைப் புத்தகம் அவளிடம் போனது என் கடையில் அடுக்கி வைத்திருந்ததால்தான். நானே எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து வெறும் நெல்லிரசக் கண்ணாடிப் போத்தல்கள் எட்டை நன்றாகக் கழுவி, சோஸ் செய்து, ஆறவிட்டு, இறுக மூடி, குசினித் தட்டில் வைத்திருக்கிறாள். பதினாறாம் நாள் ஒன்றைக் கையில் எடுத்து மூடியைத் திருகியபோது, உள்ளே சோஸ் புளித்துக் காற்று முட்டியிருந்த போத்தல் வெடித்துவிட்டது. வலது உள்ளங்கையில் கண்ணாடி ஆழமாக இறங்கி நரம்பை வெட்டிவிட்டது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தார்கள். காயம் ஆறியது. சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்கவில்லை.

நிமலினி அக்கா பார்க்கப் போனது அயலவர் என்ற முறையில்தான். எப்படி வெடித்தது என்று கேட்டபோது கஜானியின் தாய் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அக்கா முப்பத்தோராம் பக்கத்தை வாசித்தார். அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தார்.

“இதை அடிச்சது நீதானே?” குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “நான் எழுதினது எங்கை?”

சொன்னேன். சேர் நின்றது, சொன்னது, நான் எடுத்தது, எல்லாம்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சேர் சொன்னவர் அக்கா.”

“சேர் சொன்னவர்,” என்று திருப்பிச் சொன்னார். “சேருக்கு ஒரு முட்டை அவிக்கத் தெரியுமே?”

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து மண்டபத்தில் மாதர் சங்கக் கூட்டம், சபைச் செயலாளராகச் சேரும் இருந்தார். அக்கா தன் கையெழுத்துக் கொப்பியோடு வந்திருந்தார். மற்ற அலுவல்கள் முடியும்வரை பேசாமல் இருந்து, பிறகு எழும்பினார்.

“சேர், முப்பத்தோராம் பக்கத்திலை 'ஆறியபின் இறுக மூடி' எண்டு எழுதினது ஆர்?”

“அது ஒரு மொழித்திருத்தம், நிமலினி. உம்மடை எழுத்துக் கொஞ்சம் நீளம். இடம் காணேல்லை.”

“ஏழு வரி சேர். உங்கடை முன்னுரை நாலு பக்கம்.”

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் முப்பத்தைஞ்சு வருசம் தமிழ் படிப்பிச்சனான்.”

“தெரியும். தமிழிலை ஒரு பிழையும் இல்லை. சோஸ்தான் பிழைச்சது.”

“நடந்தது ஒரு விபத்து. அந்தப் பிள்ளைக்காக நாங்கள் ஜெபிப்பம். இதை வெளியிலை கொண்டுபோனா சபையின்ரை பேர்தான் கெடும்.”

“ஜெபியுங்கோ. ஜெபிச்சுப்போட்டுப் புத்தகம் வாங்கின ஆக்களின்ரை பேரைத் தாங்கோ. இன்னும் எத்தினை குசினியிலை போத்தல் இருக்கெண்டு எனக்குத் தெரியவேணும்.”

பட்டியல் அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றார் சேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சேரைத் தவிர, திரையில் அந்த வரிகள் மறைந்ததைக் கண்ட ஒரே ஆள் நான், நானும் திறக்கவில்லை. என் தம்பியின் கலியாணத்துக்குச் சேர்தான் முன்னின்று பேசிக்கொண்டிருந்தார். அதை நினைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன்.

வெளியில் சைக்கிள்கள் நின்ற இடத்தில் அக்கா காத்திருந்தார்.

“நீ என்னட்டை வந்து சொல்லிப் பிரயோசனமில்லை. நாளைக்குப் பின்னேரம் கஜானியிட்டைப் போவம். அவளுக்குச் சொல்லு.”

போனோம். கஜானி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்தாள். மெசினின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை.

“நான்தான் ஏதோ பிழையாச் செய்துபோட்டன் எண்டு நினைச்சன்,” என்றாள். “எங்கடை வீட்டுக்காரரும் அப்பிடித்தான் ஏசினவர். வாசிக்கத் தெரியாமல் செய்திருப்பாய் எண்டு. நான் ஒரு வரி செய்யிறது, பிறகு போய்ப் பக்கத்தைப் பாக்கிறது, பிறகு வந்து மற்ற வரி செய்யிறது. அப்பிடிச் செய்தனான்.”

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அக்கா, குறை நினையாதேங்கோ. நீங்கள் இப்ப போங்கோ.”

அன்றைக்கு ஒழுங்கையால் நடந்துவரும்போது, சேர் மீது எனக்கு இருந்த மரியாதை முழுவதும் போய், என் மீதே ஒரு எரிச்சல் மூண்டது. கடையைத் திறந்து, என் கணினியில் இருந்த விற்பனைப் பட்டியலை எடுத்தேன். முற்பதிவு செய்தவர்களின் பெயர்களை அடித்தவளும் நான்தானே. ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அக்கா சொல்லச் சொல்லப் புத்தகத்தில் ஒட்டுவதற்கு ஒரு துண்டுத்தாள் அடித்தேன். “31ஆம் பக்கத்தில் உள்ளபடி தக்காளி சோஸ் செய்யவேண்டாம். ஏற்கனவே செய்திருந்தால் போத்தலைக் கையால் எடுக்கவேண்டாம்,” என்று பெரிய எழுத்தில். கீழே வெட்டப்பட்ட ஏழு வரி. பின்பக்கத்தில் மற்றப் பத்துக் கவனக் குறிப்புகளும். அடியில் தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் போடச் சொன்னார். என் பெயரையும் போட்டேன்.

முந்நூறு புத்தகம். பாடசாலை விட்டதும் அக்கா என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறுவார். கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய் என்று வீடு வீடாகப் போய், புத்தகத்தை வாங்கி, பசை பூசித் துண்டை ஒட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். றொபின் அண்ணை கொடிகாமப் பக்கத்து வீடுகளைத் தன் பஸ் ஓட்டத்தோடு பார்த்துக்கொண்டார். சிலர் தேத்தண்ணி தந்தார்கள். சிலர் படலையைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில், “றிச்சர்ட் சேரோடை உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்டார்கள். அக்கா பதில் சொல்லாமல், “சோஸ் செய்தனீங்களோ?” என்று கேட்டார். நீர்வேலியில் ஒரு வீட்டில் செய்திருந்தார்கள். அலுமாரிக்குள் ஐந்து போத்தல், இரண்டின் மூடி உப்பியிருந்தது. கீழே மூன்று வயதுப் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது. அக்கா பிள்ளையைத் தூக்கி வெளியே விட்டு, ஈரச்சாக்கைப் போட்டு மூடி, ஒவ்வொன்றாக வளவு மூலையில் தோண்டியிருந்த கிடங்கில் கொண்டுபோய் இறக்கினார். பிறகு கிணற்றடியில் கையைக் கழுவினார். “அந்த மனிசனை இஞ்சை கொண்டுவந்து இதைத் தூக்கச் சொல்லவேணும்,” என்றார்.

சித்திரையில் சேர் பழக்கூடையோடு கஜானி வீட்டுக்குப் போனார். கூடையைக் கொடுக்கும் படம் சபையின் முகநூலில் வந்தது. “பாதிக்கப்பட்ட சகோதரிக்கு ஆறுதல்” என்று கீழே போட்டிருந்தது. அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போதகரின் வீட்டுக்குப் போனார். கொப்பியையும் அச்சான பக்கத்தையும் மேசையில் அருகருகே விரித்துவைத்தார். இம்முறை நானும் கூடப்போய், நடந்ததைச் சொன்னேன். போதகர் இளையவர்; இரண்டையும் இரண்டு தரம் வாசித்தார். அடுத்த ஞாயிறு அறிவித்தல் நேரத்தில், புத்தகத்தில் ஏற்பட்ட பிழை சபையின் பிழை என்றும், கஜானியின் கைச் சிகிச்சையைச் சபை ஏற்கும் என்றும் வாசித்தார். படம் முகநூலில் இருந்து எடுக்கப்பட்டது. றிச்சர்ட் சேர் வைகாசியில் செயலாளர் பதவியை விட்டார், சுகயீனம் என்று கடிதம் கொடுத்து. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. என் தம்பியின் கலியாணப் பேச்சு வேறு ஆள் மூலமாக நடந்தது.

இருநூற்று அறுபத்துநாலு புத்தகத்தில் துண்டு ஒட்டினோம். மிச்சம் லண்டனுக்கும் கனடாவுக்கும் பெட்டிகளில் போய்விட்டன. அக்கா அவர்களுக்கும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். சிலருடைய இலக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

ஆடியில் இரண்டாம் பதிப்புப் போடச் சங்கம் கேட்டது. முன்னுரை வேண்டாம், முதற் பக்கத்தில் என்ன பிழை நடந்தது என்று எழுதவேண்டும், அச்சுக்குப் போகமுன் கஜானி வாசிக்கவேண்டும் என்று அக்கா மூன்று விடயம் சொன்னார். கஜானி முதலில் மாட்டேன் என்றாள். பிறகு ஒருநாள் தானாகவே கடைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு சோஸ் பக்கத்தை வாசித்தாள். நாங்கள் இருவரும் எதிரே இருந்தோம்.

“இதிலை 'கொதிக்கக் கொதிக்க' எண்டிருக்கு. போத்தில் குளிரா இருந்தா வெடிக்காதே?”

அக்கா கொப்பியைப் பார்த்தார். “வெடிக்கும். அவிச்ச சூட்டோடை நிரப்பவேணும்.”

“அப்ப அதை எழுதேல்லை நீங்கள்.”

“எழுதேல்லை,” என்றார் அக்கா, பேனையை எடுத்து.

“எழுதுங்கோ,” என்றாள் கஜானி. அவளுடைய குரலில் தயவு இருக்கவில்லை. “வடிவா எழுதுங்கோ. நான் அடுத்ததை வாசிக்கிறன்.”