உலூவா ஆறும் எங்கள் ஆறும்

ஹொண்டுராஸ் என்ற நாட்டை நான் பார்த்ததில்லை. அதன் வடக்கே கரிபியக் கடல், தெற்கே பசிபிக் சமுத்திரத்துக்கு ஒரு குறுகிய வாசல், இடையில் மலைகள். மக்களில் பெரும்பாலோர் மேற்கு மேட்டுநிலங்களில் வாழ்கின்றனர். கிழக்கே காடும் சதுப்பும் ஏறக்குறைய ஆளற்றுக் கிடக்கின்றன. தலைநகர் தெகுசிகல்பாவுக்குப் புகையிரதம் கிடையாது. வாழைக்குலை ஏற்றும் வண்டிகள் வடகரையோடு நின்றுவிடும். அதற்கப்பால் மலைத்தெரு, கோவேறு கழுதை, அல்லது சிறு விமானம். இவற்றை இன்றும் புத்தகம் பாராமற் சொல்வேன். சொல்ல முடிகிறதே என்பதில்தான் எனக்கு ஆத்திரம்.

அறுபதுகளின் முற்பகுதி. மேல் வகுப்புகள் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்தன, பிள்ளைகள் சோதனைக்குப் படிக்கத் தமிழில் நூல்கள் இல்லை. கொழும்பில் ஒரு பாடநூற் குழு, மத்திய அமெரிக்கா பற்றிய அதிகாரத்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டது. நான் அப்போது வன்னியில், இரணைமடுக் குளத்துக்குக் கிழக்கே ஒரு குடியேற்றத்தில் இருந்து பள்ளியில் படிப்பித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்ற குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. புவியியற் பட்டம் பெற்றவன் அந்தப் பக்கத்தில் நான் ஒருவனே. அதை நானும் மறக்கவில்லை, பிறரையும் மறக்க விடவில்லை.

எழுதிய பக்கங்களை மாலையில் குசினி வாசலில் கதிரையைப் போட்டு என் மனைவிக்கு வாசிப்பேன்.

"இஞ்சருங்கோ," என்பாள், "அந்த நாட்டு ஆறெல்லாம் எப்பப் பெருகும் எண்டு சொல்லுறியள். எங்கட வாய்க்காலிலை எப்பத் தண்ணி வரும் எண்டு கேட்டால், பக்கத்து வளவிலை கேளும் எண்டுறியள்."

"வாய்க்கால் சோதனைக்கு வராது."

"அப்ப சரி. நானும் இனிச் சோதனைக்கு வாறதை மட்டும் சமைக்கிறன்."

போக்குவரத்துப் பகுதியை வாசித்தபோது அவள் சிரிக்கவில்லை. "மலையிலை மழை பெய்தால் கீழை வெள்ளம் வரும் எண்டு எழுதியிருக்கிறியள். அப்ப போறவன் என்ன செய்யிறது? அதையும் ஒரு வரி எழுதுங்கோவன்." எழுதினேன். 'உலூவா ஆற்றின் கரையோர வெளிகளில், வானம் வெளித்திருக்கும் நாளிலும் வெள்ளம் வரலாம். பயணிகள் புறப்படுமுன் அவ்விடத்தாரை விசாரித்தல் வேண்டும்.' அந்த அதிகாரத்தில் அவளுடைய வரி அது ஒன்றுதான்.

அந்த ஆண்டு மாரியில் அவளுக்கு வயிற்றின் வலப்பக்கம் நோ எடுத்தது. ஒரு பகலும் ஓர் இரவும் கைமருந்தோடு பொறுத்தாள். மறுநாட் காலை நிமிர முடியவில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி பிடித்தேன். வண்டிக்காரர் வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னிலும் மூத்தவர்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழிகள். குளக்கட்டின் மேலாகச் சுற்றிப் போவது ஒன்று. மற்றது குறுக்குவழி, குளத்துக்குக் கீழே, ஆற்றின் குறுக்கே தாழ்வாய்ப் போட்ட கொங்கிறீற்றுத் தளத்தைக் கடக்க வேண்டும்.

"மாஸ்டர், கட்டாலை போவம்," என்றார் அவர். "தெற்கை புளியங்குளத்தாலை வந்த லொறிக்காரன் சொன்னவன், அங்காலை ரெண்டு நாளா ஊத்துதாம். குளத்துக் கதவு திறந்திருப்பினம்."

நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு முகிலும் இல்லை. மூன்று நாளாக எங்கள் முற்றத்தில் ஒரு துளி விழவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மழை விழுந்த இடத்திலேயே தேங்கி அங்கேயே நிலத்துக்குள் இறங்கும். ஆகவே வெள்ளத்தை அறிய எங்கள் ஆட்கள் மேலே பார்ப்பார்கள். வன்னி ஆட்கள், ஆறு வரும் தெற்குத் திசையைப் பார்ப்பார்கள். இந்த வேறுபாட்டை விளக்கி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கலாம். அன்று நான் சொன்னது இதுதான்:

"நீர் மாட்டைப் பாரும். ஆத்தை நான் பாக்கிறன்."

அவர் மறுத்துப் பேசவில்லை. எங்களோடு மறுத்துப் பேசிப் பயனில்லை என்பதை எங்களைப் போன்றவர்களே அவருக்குப் பழக்கியிருந்தோம். மனைவி வண்டிக்குள் கிடந்தபடி, "அவர் சொல்லுறதைக் கேளுங்கோவன்," என்றாள். நான் கேட்கவில்லை.

ஆற்றங்கரையில் வெயில் பளிச்சென்று எறித்தது. தளத்தைக் காணவில்லை. இடுப்பளவு செந்நீர், மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு, அதன் மேலாற் பாய்ந்தது. வண்டிக்காரர் மாட்டைத் திருப்பினார். வந்த வழி முழுவதும் திரும்பிப் போய்க் குளக்கட்டில் ஏற வேண்டியிருந்தது.

கட்டின் நடுவே அவள் என் கையைப் பிடித்தாள். "நோ விட்டிட்டுது," என்றாள். "சட்டெண்டு விட்டிட்டுது." நான் மகிழ்ந்தேன். "பாத்தீரே, வீணாய்ப் பயந்திட்டம்," என்றுகூடச் சொன்னேன். குடல்வால் வெடிக்கும்போது நோ அப்படித்தான் விடும் என்பதை ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்லித்தான் அறிந்தேன். மூன்றாம் நாள் அவள் போனாள்.

செத்தவீட்டுக்கு வண்டிக்காரர் வந்தார். படலையடியில் நின்றார். எங்கள் ஆட்களில் ஒருவரும் அவருக்குக் கதிரை கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அவர் வாயைத் திறந்து, நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவரை வெறுத்து ஆறியிருப்பேன். அதற்கும் அவர் இடம் தரவில்லை.

நூல் வந்தது. மறுபதிப்புக்கு முன் குழுவிடமிருந்து கடிதமும் வந்தது: பயணிகள் பற்றிய வரியை நீக்குகிறோம். நான்கு பக்கங்களில் மறுப்பு எழுதினேன். அவ்வளவு கோபத்தோடு வாழ்நாளில் எதையும் எழுதியதில்லை. ஒரு வரியில் மறுமொழி வந்தது. அது சோதனைக்கு வராது என்றிருந்தார்கள். அந்தச் சொற்களை அவர்கள் என்னிடம் கற்கவில்லை. ஆனாலும் என் குரலாகவே கேட்டது.

அடுத்த கோடையில் கிளிநொச்சிப் பட்டினத்துக்குப் போக அதே வண்டியைப் பிடித்தேன். இரண்டு வழியும் பிரியும் இடத்தில் அவர் மாட்டை நிறுத்தினார்.

"மாஸ்டர், ஆறு காய்ஞ்சு மணலாக் கிடக்கு. மேலையும் மழை இல்லை. குறுக்காலை போவம். மாடும் களைச்சுப் போச்சுது."

"கட்டாலை போம்," என்றேன். குரல் உயர்ந்திருந்தது.

அவர் திருப்பினார். குளக்கட்டில் ஏறிய பின் கீழே பார்த்தேன். ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மணல் வெயிலிற் கிடந்தது. மாடுகள் நாக்குத் தள்ளி இழுத்தன. அவர் அன்றும் சொன்னார். நான் அன்றும் கேட்கவில்லை.