வண்டித் தண்ணீர்

பழைய ஹீட்டரிலிருந்து பேசினில் விழுந்த வெந்நீரில் இன்று துருவும் எண்ணெயும் கலந்த வாசம் அடித்தது. இனி மெக்கானிக்கை வேறு தேட வேண்டுமே என்று அலுத்துக்கொண்டே குனிந்த எனக்கு, பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் நின்று சென்ற கரி ரயில்வண்டி நினைவுக்கு வந்துவிட்டது.

சாயங்கால வண்டி நேரத்துக்குத் தக்காளிக் காட்டிலிருந்து திரும்பும் பெண்கள், கூடையில் வைத்திருந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நேரே எஞ்சினிடம் போவார்கள். "ஏனுங்க, கொஞ்சம் சுடுதண்ணி உடுங்க" என்று அம்மா கேட்பாள். கண்ணைத் தவிர எல்லாம் கரியாயிருக்கும் டிரைவர் குழாயைத் திருப்புவார். ஆவி சீறிக்கொண்டு தண்ணீர் கொட்டும். அதைச் சிந்தாமல் வீடுவரை கொண்டுவந்து, வெடித்த பாதங்களை அதற்குள் விட்டுக்கொண்டு, சூடு ஆறும்வரை அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அந்நேரம் ஊரில் பாதி வீடுகளில் அந்த எண்ணெய் வாசம்தான்.

கரி எஞ்சின் போய் டீசல் வந்தது. பிறகு தண்டவாளத்தை அகலமாக்கியபோது எங்கள் ஸ்டேஷனையே எடுத்துவிட்டார்கள். இப்போது வண்டி ஜன்னல்களை அதிரவைத்துவிட்டு நிற்காமல் போகிறது.

அம்மாவின் வீங்கிய கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பேசினுக்குள் வைத்தேன். வாசம் மூக்கில் ஏறியதும், காலையிலிருந்து மூடியே கிடந்த கண்களைத் திறந்தாள்.

"வண்டி நின்னுச்சா, கண்ணு?"

எனக்கும் கால் கடுத்தது. அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

"நின்னுச்சுங்கம்மா."