ஊசலைக் கட்டிய நூல்

பள்ளிப் படிக்கட்டின் நடுவே நீளக் கம்பியில் தொங்கிய இரும்புக் குண்டை சுரேகா சுவரோரம் இழுத்துப் பிடித்தாள். அப்பா அதைச் சுற்றிப் பருத்தி நூலைக் கட்டி, மறுமுனையைப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் முடிந்தார். குண்டின் கூர்முனைக்கு நேர்கீழே தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். திங்கட்கிழமை காலை நூலை எரிப்பதாக ஏற்பாடு. கையால் விட்டால் ஊசல் கோணலாகப் போகும். எரித்தால்தான் நேராகப் போகும்.

"சொல்லு. ஆடுற திசை திரும்புமா?"

"வாய்ப்பே இல்லப்பா."

அவர் சிரித்தார். இருவரும் கையைக் கழுவிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா சண்முகரத்தினம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

கிள்ளானில் அந்தப் பள்ளியின் பிசிக்ஸ் கிளப்பை நெடுங்காலம் நடத்தியவர் அவர். பணி ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. பூமி சுழல்வதால் ஊசல் ஆடும் திசை மெல்லத் திரும்பும். ஆனால் நில நடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில், ஒரு மணி நேரத்தில் விரலகலம்கூட நகராது. அதற்குள் ஊசல் களைத்துவிடும். "சார், நம்ம ஊருல பூமி சுத்தாது லா," என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். "சுத்துது. உங்களுக்குத்தான் பொறுமை இல்ல," என்பார். ஒருமுறையாவது அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. சுரேகா ஷா ஆலமில் இயந்திரப் பொறியாளர். இந்தத் தடவை ஊசல் கம்பியைத் தொங்கவிடும் பிடியை அவள்தான் செய்துகொடுத்திருந்தாள்.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்குப் போனாள். கிளப்பை இப்போது பார்த்துக்கொள்ளும் ஹாஜிரா டீச்சர் வாசலிலேயே நின்றார். பிள்ளைகள் அந்தப் படிக்கட்டுப் பக்கமே வருவதில்லை என்றார். யாரோ குண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறதாம்.

குண்டு அப்படியே இருந்தது. சுரேகா குனிந்து பார்த்தாள். ஒரு மாத இழுவையில் பருத்தி நூல் நீளும், முடிச்சு இளகும், குண்டு கொஞ்சமாவது நடுவை நோக்கி வந்திருக்க வேண்டும். முனை கோட்டின்மேல் அசையாமல் நின்றது.

"யாராவது மறுபடியும் கட்டினீங்களா, டீச்சர்?"

"யார் தொடுவா? சார் கட்டுனது."

அப்பாவின் தீப்பெட்டி கைப்பிடிக் கம்பிக்குக் கீழே இருந்தது. அவள் வந்ததைக் கேட்டுப் பிள்ளைகள் தயங்கித் தயங்கி மேல்படிகளில் கூடி மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மூச்சுக்காற்று ஊசலை அசைக்காதிருக்க அவர் பழக்கியது அது. சுரேகா குச்சியைக் கிழித்து நூலருகே கொண்டுபோனாள். சுடர் அவள் பக்கமாகச் சாய்ந்து அணைந்தது. காற்றே இல்லை. மறுபடி கிழித்தாள். மறுபடியும் சாய்ந்தது, அணைந்தது. யாரோ ஊதினாற்போல.

ஹாஜிரா மெதுவாகச் சொன்னார்: "சார் எரிக்கிறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் திரும்புமான்னு கேப்பாரு. யாரும் இன்னும் சொல்லலையே."

மேலிருந்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள். திரும்பும். திரும்பும். திரும்பாது, என்றாள் ஒருத்தி, பயந்துகொண்டே. பிறகு எல்லாரும் சுரேகாவைப் பார்த்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் அடுத்து நூல் எரியும். அவர் கை போட்ட கடைசி முடிச்சு அது.

தீப்பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"இன்னொரு நாள் வரேன், டீச்சர்."

அவள் வாசலை நோக்கி நடக்கும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போனது. படிக்கட்டு முழுக்க அதிர்ந்தது. குண்டு மட்டும் அதிரவில்லை.