அந்தப் போட்டோவைப் போட்டிருக்கலாமா?

போன ஞாயிறு விழுப்புரத்தில் ஒரு பாராட்டு விழா. ஜெயசீலி அக்காவுக்கு. திண்டிவனத்தில் தாலுகா நிருபராக ஆரம்பித்து, தலைமை நிருபராக ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் பேப்பர் படிக்கிற யாருக்கும் அவரைத் தெரியும். வாழ்த்திப் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

என்ன பேசுவது? அவருக்குப் பெயர் வாங்கித் தந்த செய்தியையே பேசலாம் என்று முடிவு செய்தேன். கோலியனூர் பக்கம், பத்தாவது படித்துக்கொண்டிருந்த சாந்திக்கு நடக்கவிருந்த கல்யாணத்தை நிறுத்திய செய்தி. சாந்தி இப்போது நர்ஸ் – முண்டியம்பாக்கத்தில் வேலை. விழாவுக்கு முன்பே அவரைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை வாங்கி வரலாம் என்று போனேன்.

“அக்கா எழுதலன்னா இந்நேரம் எங்கியோ மாடு மேச்சிக்கினு இருப்பேன் சார்,” என்றார்.

சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

“ஆனா பேப்பர்ல எங்கப்பா போட்டோவும் வந்துச்சு. விசாரிக்க வந்த ஆபீசருங்க முன்னாடி தலைய குனிஞ்சிக்கினு நின்னாரு. அத்தோட டீக்கடைக்குப் போறதையே வுட்டுட்டாரு. சாவுற வரைக்கும் எங்கிட்ட பேசல.”

“அப்போ அக்கா போட்டது சரியா, தப்பா?”

“எனக்கே தெரியல சார். டியூட்டி முடிஞ்சா விழாவுக்கு வர்றேன்.”

அவருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? இதை மேடையில் சொல்வதா, விழுங்கிவிடுவதா... பஸ் பிடித்து நேரே திண்டிவனம் போய் அக்காவிடமே கேட்டுவிட்டேன்.



“மன்னிப்பு கேக்கப் போனேன்பா. அவங்கப்பா கதவ சாத்திட்டாரு. போட்டோ இல்லாம போட்டிருக்கலாமோன்னு இன்னைக்கும் நெனைக்கிறேன். ஆனா அதப் பாத்துதான் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பயந்து வெலகுனாங்க. என்ன பண்ணியிருக்கணும், நீயே சொல்லு.”

“மேடையில இதச் சொல்லட்டுமாக்கா?”

“இத வுட்டுட்டு என்னைப் பத்தி என்னத்த பேசுவ?”

ஞாயிறன்று மேடையில் சொன்னேன். நல்லது, கெட்டது இரண்டையும். விழா நடத்தியவர் என்னை முறைத்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து யூனிஃபார்மோடு சாந்தி எழுந்து மேடைக்கு வந்தார்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார். “சாந்தி, உங்கப்பா...” என்று ஆரம்பித்தார்.

“அத்த வுடுங்கக்கா,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் சாந்தி. இரண்டு பேருமே அழுதார்கள்.

இதற்குக் கைதட்டுவதா, கூடாதா? ஹாலில் பாதிப் பேர் தட்டினார்கள். பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

நான் எந்தப் பாதி என்று மட்டும் கேட்காதீர்கள்.